காற்று மிஷினுக்கு ஒரு மேஸ்திரி

பீளமேடு, கோயமுத்தூர்
8-12-1972

கர்த்தருக்குள் அன்பான சவுரிமுத்து அண்ணாவுக்கும் செல்லம்மா மதினிக்கும் தபீதாள் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் பிள்ளை சரோஜினியும் சுகம். உங்கள் தம்பிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மதினிக்கு முழங்கால் வலி தேவலையா? அண்ணா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறாரா? டீச்சரம்மா இதைப் படித்துக் காட்டும்போது வாசல் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டும்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எழுதினேன். மற்றதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இவர் வேலை பார்க்கும் மோட்டார் கம்பெனியை மூடி இரண்டு மாதம் ஆகிறது. கரண்ட் வெட்டியதால் உள்ளே மிஷின் ஓடவில்லை. மோட்டார் வாங்கவும் ஆள் இல்லை, வாங்கினால் ஓட்டுவதற்கு அவர்களுக்கும் கரண்ட் இல்லை. கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லித்தான் எனக்கே தெரியும். இவர் இன்னும் சொல்லவில்லை. காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு டிபன் கேரியரோடு புறப்படுகிறார். எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாரோ. சாயங்காலம் வந்து, சுத்தமாக இருக்கிற கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார். நானும் பார்க்காததுபோல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"தாம்பரம் போய் மதினி வீட்டில் கொஞ்ச நாள் இருந்து வருவோமா" என்று ஒரு நாள் மெல்லக் கேட்டேன். "எந்த மூஞ்சியோட போறது? காத்த நம்பிப் பொழைக்கற காலம் போயாச்சு மாமா, இனிமே கரண்டுக் கம்பிதான்னு அவுருகிட்ட சொல்லிட்டு வந்தவன் நான்" என்றார்.

உறவு என்று கூப்பிட்டால் வரமாட்டார். வேலை என்று கூப்பிட்டால் ஒருவேளை வருவார். நான் எழுதினேன் என்று மட்டும் அவர் காதுக்குப் போகவேண்டாம். மதினிக்கு என் ஸ்தோத்திரம்.

தபீதாள்


இரும்புலியூர்
20-12-1972

மச்சான் ஏசுதாசனுக்கு, சவுரிமுத்து வாயால் சொல்ல, ஞானஜோதி டீச்சர் கையால் எழுதுவது. மாதா தயவில் நானும் உன் அக்காவும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம். உன் அக்கா அதிரசத்துக்கு மாவு இடித்துவிட்டு, தம்பி இல்லாமல் யாருக்குச் சுடுகிறது என்று உலக்கையைப் போட்டுவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சேலையூர் கேம்ப் ரோட்டில் புதுக் காலனி ஒன்று எழும்பியிருக்கிறது. எல்லாரும் ஆபீசர்கள், வாத்தியார்கள். பொதுக் கிணறு இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது, கரண்ட் மட்டும் இல்லை. காற்றடித்தால் சுற்றித் தண்ணீர் இறைக்குமே, அந்தக் காற்று மிஷின் ஒன்று நாட்டிக் கொடு பெரியவரே என்று என்னைப் பிடித்து உலுக்குகிறார்கள். இடம் பார்ப்பதும் ஆள் பேசுவதும் என் வேலை. இரும்பு உன் வேலை. நீ இல்லாமல் ஒரு நட்டு நகராது. வா.

நாம் எப்படிப் பிழைத்தோம் என்று நேற்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தம்மா நம்பவில்லை. கரண்ட் கம்பம் வந்த கிணற்றில் மிஷினைக் கழற்றுவோம், கம்பம் வராத கிணற்றில் கொண்டுபோய் நாட்டுவோம், இதுதான் தொழில் என்றால் சிரிக்கிறார். ரயில்வே கான்ட்ராக்டர் தோட்டத்தில் கழற்றிச் சேலையூர் சூளைக்குக் கொண்டுபோனோம். சூளைக்கு லைன் வந்தது, மாடம்பாக்கத்து வாழைத்தோட்டத்துக்குப் போனோம். அங்கேயும் கம்பம் வந்தது, வேங்கைவாசல் போனோம். மாட்டுவண்டியில் மிஷினைக் காற்றுக்குத் திருப்புகிற அந்தத் தகட்டு வால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு போகும். எதிரில் கம்பம் நடுகிறவர்கள் லாரியில் வருவார்கள். "இன்னா மேஸ்திரி, ஓடுறியா?" என்று அவர்கள் கேட்பார்கள். "நீ தொரத்து நைனா, ஒலகம் பெருசு" என்று நீ வண்டி மேல் நின்று சொல்வாய். வேங்கைவாசலில் அந்த நாயுடு வீட்டம்மா நமக்குப் போட்ட கருவாட்டுக் குழம்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. நீ மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மேலே ஏற முடியாமல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு உடனே புறப்படு. சரோஜினிக்கு என் முத்தம்.

சவுரிமுத்து


பீளமேடு
9-1-1973

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும் ஏசுதாசன் வணக்கம். இங்கே நாங்கள் எல்லாரும் நலம். அங்கே நீங்கள் நலமாக இருக்கவேண்டும் என்று ஜெபிக்கிறேன். அதிரசத்துக்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். ஆனால் இப்போது லீவு கிடைக்காது. கம்பெனியில் வேலை நெருக்கடி. ஆர்டர் குவிந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூட வரச்சொல்கிறார்கள். சூப்பர்வைசர் என்னை விட்டு நகரமாட்டேன் என்கிறார்.

அந்த நாயுடு வீட்டம்மாவை நானும் நினைத்துக்கொள்வேன். கருவாட்டுக் குழம்பு வேங்கைவாசல் இல்லை மாமா, அது மேடவாக்கம். வேங்கைவாசலில் நமக்குக் கிடைத்தது கேழ்வரகுக் கூழும் திட்டும்தான். மிஷின் நாட்டி எட்டு நாள் காற்றே வரவில்லை. "காத்த எங்கயா கட்டி வெச்சிட்டு வந்த?" என்று அந்தக் கிணற்றுக்காரன் உங்களைக் கேட்டானே. நீங்கள் அசையாமல் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டீர்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம் கடலிலிருந்து காற்று வந்து தகடு சுழன்றபோது, எழுந்து வேட்டியை உதறிவிட்டு நடந்தீர்கள். பின்னால் நான் ஓடிவந்தேன்.

காலனிக்காரர்களுக்கு வேறு ஆளைப் பாருங்கள். எல்லாம் காலம்தான். அக்கா முழங்காலுக்கு நொச்சி இலையைச் சூடு பண்ணிக் கட்டட்டும்.

ஏசுதாசன்


இரும்புலியூர்
22-1-1973

அன்புள்ள தங்கச்சி தபீதாளுக்கு, சவுரிமுத்து சொல்ல டீச்சர் எழுதுவது. இங்கே சுகம். நீ தைரியமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் பக்கத்து வீட்டு விலாசத்துக்கு வருகிறது. அது டீச்சரின் யோசனை.

உன் புருஷன் எழுதினான். கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கிறதாம். டீச்சர் படித்தபோது உன் மதினி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் தம்பிக்குப் பொய் சொல்லக்கூட வராது, எல்லாத்தையும் குவிச்சு வெக்கறான்" என்றாள். பொய் அவன் மட்டும் சொல்லவில்லை. காலனிக்காரர்கள் என்னை உலுக்கினார்கள் என்று எழுதினேனே, அது நான் சும்மா சொன்னது. அப்போது அந்தக் காலனியில் ஒரு நாயைக்கூட எனக்குத் தெரியாது.

சொன்ன பிறகு அதை நிஜமாக்கவேண்டுமே. பொங்கல் கழிந்த மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கேம்ப் ரோட்டுக்குப் போனேன். சங்கத்துச் செக்ரட்டரி ஜெபசீலன் என்கிறவர் வாசலில் ஈசிசேரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"சார், உங்களுக்குத் தண்ணி வேணுமா?" என்றேன்.

"யாருக்குத்தான் வேண்டாம்? நீங்க டேங்கர் லாரியா?"

"இல்ல சார். காத்து."

அவர் விசிறியை நிறுத்தினார். "பெரியவரே, காத்து வித்து நான் பார்த்ததில்லை."

"விக்கறதில்ல சார். மிஷின்தான் நம்மளுது. காத்து உங்களுது."

உட்காரச் சொன்னார். காபி வந்தது. வீட்டுக்குள் நிற்கிற ஃபேனைவிட உங்கள் பேச்சு நன்றாக ஓடுகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் என்னை நிற்கவைத்துப் பேசச் சொன்னார்கள். நான் இதுவரை கோயிலில்கூட எழுந்து பேசியதில்லை. மாடம்பாக்கத்து வாழைத்தோட்டத்தைப் பற்றிப் பேசினேன். கடைசியில், சரி, ஒரு மிஷின் கொண்டுவந்து காட்டுங்கள் என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

ஆக ஆர்டர் நிஜமாகிவிட்டது. இப்போது என் பேஜார் என்னவென்றால், மிஷின் இல்லை. அதையும் பார்க்கிறேன். நீ ஒன்றும் தெரியாதவள்போல் இரு. அவன் போகும் வழியிலேயே கொஞ்ச நாள் போகட்டும், குறுக்கே நிற்காதே.

சவுரிமுத்து


இரும்புலியூர்
27-1-1973

மச்சானுக்கு, மாமன் சொல்வது. சுகம். நொச்சி இலை கட்டியதில் உன் அக்கா மாடிப்படி ஏறி இறங்குகிறாள், என்னைத் திட்டுவதற்கு முன்னைவிட வேகமாக வந்துவிடுகிறாள்.

கருவாடு மேடவாக்கம்தான். நீ சொன்னது சரி. எனக்கு ஞாபகம் பிசகியது இதுதான் முதல் தடவை, இதைப் பிடித்துக்கொண்டு ஆடாதே.

வேறு ஆளைப் பார் என்று எழுதியிருக்கிறாய். ஆள் எங்கே இருக்கிறான்? மிஷினே எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தேன். நாம் நாட்டிய இடமெல்லாம் ஒரு நடை போனேன். வேங்கைவாசல் மிஷின் பல்லாவரத்துக்கு எடைக்குப் போய்விட்டது. அதன் இரண்டு தகடு மட்டும் எருமைக் கொட்டகையின் கூரையில் கிடக்கிறது, மழைக்கு ஒழுகவில்லையாம். பெரும்பாக்கத்து டவரைக் கோயில் திருவிழாவுக்கு ரேடியோக் குழாய் கட்டக் கேட்டு வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. மேடவாக்கத்து மிஷினின் வால் ஒரு சைக்கிள் கடையின் மேல் தொங்குகிறது. அதில் கடைக்காரன் தன் பேரை எழுதியிருக்கிறான். நான் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னா தாத்தா, பங்ச்சரா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

நிற்கிறது ஒன்றே ஒன்று. சிறுசேரி. சவுக்குத் தோப்பைத் தாண்டி, கன்னியம்மா கிணற்றில் நீ கடைசியாக நாட்டியது. அங்கேயும் இப்போது கம்பம் வந்தாயிற்று. அவள் மகன் மாரி மோட்டார் வைத்துவிட்டான். தாம்பரம் சந்தையில் பார்த்தேன், "எடுத்துகினு போயேன் பெரிசு, எடம் அடைச்சிகினு கீது" என்றான். கழற்றிக் காலனிக்குக் கொண்டுவர நீ வேண்டும். மேலே இருக்கிற மிஷின் தலையை இறக்குவதற்கு உன் கை தவிர வேறு கைக்கு நான் கயிற்றைக் கொடுக்கமாட்டேன்.

கம்பெனியில் கண்டிப்பு என்றால் சூப்பர்வைசர் பேரை எழுது. டீச்சரை விட்டு இங்கிலீஷில் ஒரு கடுதாசி போடச் சொல்கிறேன்.

சவுரிமுத்து


பீளமேடு
19-2-1973

அன்புள்ள மாமாவுக்கு, ஏசுதாசன் வணக்கம். நலம், நாடுவதும் அதுவே. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும், இரவு ஷிஃப்ட். சூப்பர்வைசருக்குக் கடிதம் எல்லாம் வேண்டாம் மாமா. அவர் ஒரு மாதிரி மனுஷர்.

சிறுசேரி மிஷினைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாரம் ஒன்றும் எழுத முடியவில்லை. மகன் சொன்னால் போதாது மாமா. நம் வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் வைத்த வழக்கம்தான். மிஷின் நாட்டி முடித்ததும் அதை நிறுத்தி ஓட்டுகிற சங்கிலியை, தண்ணீர் எடுக்கிற வீட்டுப் பெண்பிள்ளையின் கையில் கொடுப்போம். அவள்தான் முதலில் அவிழ்த்து விடவேண்டும். அவளாகச் சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கிறவரை யாரும் மிஷின்மேல் கை வைக்கக்கூடாது, ஆம்பிளை என்ன பேசினாலும் சரி. மாடம்பாக்கத்தில் அந்தப் பண்ணையாரே கழற்றச் சொன்னபோது, அவர் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்ததால் நாம் பதினைந்து நாள் வாழைத்தோட்டத்தில் காத்துக்கிடந்தோமே. அவர்கள் சண்டையை நீங்கள்தான் போய்த் தீர்த்துவைத்தீர்கள்.

கன்னியம்மா கையில் சங்கிலியைக் கொடுத்தது நான். அந்தம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது நினைவிருக்கிறது. அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கொடுத்தால் கழற்றலாம். யார் மேலே ஏறுகிறார்கள்? காற்று விழுந்த பிறகு ஏறச் சொல்லுங்கள். வாலை முதலில் கட்டவேண்டும். பம்பில் இருக்கிற தோல் வாஷரைப் பிய்த்துவிடாமல் எடுக்கச் சொல்லுங்கள். கிணற்றுக்குள் விழுந்தால் அது போனதுதான்.

நான் வருவதற்கு இல்லை. தப்பாக நினைக்கவேண்டாம். அக்காவுக்கு அன்பு.

ஏசுதாசன்


இரும்புலியூர்
5-3-1973

மச்சானுக்கு, மாமன் சொல்வது. இங்கே எல்லாரும் சுகம். தபீதாளும் பிள்ளையும் சுகம்தானே.

கேளம்பாக்கம் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கம் வரும்போதே சத்தம் கேட்டது. கிறீச் கிறீச்சென்று, தாய்ப்பாலுக்கு அழுகிற பிள்ளைபோல். பார்த்தால் நம் மிஷின் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிணற்று மேட்டில் குடம், தவலை, பானை என்று கோயில் பந்தி மாதிரி வரிசை. பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள். கன்னியம்மா சங்கிலிப் பக்கத்தில் உட்கார்ந்து யார் அடுத்தது என்று கத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா பெரிசு, வழி தெரிஞ்சிதா? நான் செத்துட்டனான்னு பாக்க வந்தியா?"

"மிஷினப் பாக்க வந்தேன் கன்னியம்மா."

"மிஷினு நல்லா கீது. கேக்குதில்ல? ஊரையே எழுப்பிகினு கீது. அத்தப் பாக்கவேண்டிய ஆளு எங்க?"

மாரி குறுக்கே வந்து, "ஆத்தா, அதான் மோட்டார் கீதே, அத்தக் குடுத்துட்டுத் தொலையேன்" என்றான்.

"மோட்டார் கீதுடா. கரண்ட் எங்க கீது? அது வரப்போ நீ தூங்கறே. நீ எழுந்துக்கறப்போ அது தூங்குது. ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சாத்தான் தண்ணி வரும்." வரிசையில் நின்ற பெண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மாரி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கம்பம் வந்தால் திருப்பிக் கொடுக்கிறது என்று அப்போது பேச்சு, அதைக் கேட்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவள் சங்கிலியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். "கம்பத்துலேர்ந்தா தண்ணி சொட்டுது? குடுக்க மாட்டேன். என் கைல வெச்சவன் வந்து கேக்கட்டும். வருஷா வருஷம் ஆடிக்கு முன்னால வந்து கிரீஸ் வெக்கறேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனான். அஞ்சு ஆடி போச்சு. என் சம்மந்திகூட அவ்ளோ பொய் சொன்னதில்ல." பிறகு கொஞ்சம் தணிந்து, "ஒடம்பு கிடம்பு நல்லா கீறானா?" என்றாள். நல்லா இருக்கிறான் என்றேன். மோர் கொடுத்தாள்.

கீழே நின்று பார்த்துவிட்டு வந்தேன். தலை ஒரு பக்கம் ஆடுகிறது. கிரீஸ் காய்ந்து பல்சக்கரம் தேய்கிறது. மேலே ஏற அங்கே ஆள் இல்லை. இந்த ஆடிக் காற்றை அது தாங்காது. தலை கழன்று விழுந்தால் வரிசையில் நிற்கிறவர்கள் மேல்தான் விழும். இதை அவளிடம் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே ஆள் எங்கன்னு கேக்கறேன்" என்றாள். அங்கே நின்றவர்களில் மூன்று கிணற்றுக்காரர்கள், தங்களுக்கும் இதுமாதிரி ஒன்று கிடைக்குமா என்று பஸ்வரை என் கூடவே வந்தார்கள். பழைய மிஷின் ஒன்றும் இல்லை அப்பா என்று உள்ளதைச் சொன்னேன்.

காலனிக்குப் போய் ஜெபசீலன் சாரிடமும் மிஷின் கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். "நல்லதாப் போச்சு பெரியவரே, நானே உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். சுத்திலும் மாடி எழும்பிடுச்சு. எங்க வீட்டுக் கொடியில துணியே ஆடறதில்லை, மிஷின் எங்கே ஆடும்? கைப்பம்பு போட்டுக்கறோம்" என்றார். காபி கொடுத்துத்தான் அனுப்பினார்.

ஆகவே காலனி வேலை இல்லை. நான் போய்ப் பார்த்தது இவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

சவுரிமுத்து


பீளமேடு
16-3-1973

கர்த்தருக்குள் அன்பான அண்ணாவுக்கும் மதினிக்கும் தபீதாள் ஸ்தோத்திரம். சரோஜினிக்குப் பரீட்சை நெருங்குகிறது. நான் சுகம்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்று அவர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார். ராத்திரி எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். "மாமா வான்னு எழுதல தபீதா" என்றார். "அப்படியா" என்றேன். "எல்லாக் கடுதாசிலயும் எழுதினாரு. இதுல எழுதல" என்றார். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மறுநாள் டிபன் கேரியர் எடுக்காமல் வெளியே போனார். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போய், ஏதோ ஒரு வேனின் பின்பக்கத்துப் பல்சக்கரம் என்று ஒரு இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்குள் சாக்கை விரித்து அதைப் பிரித்துப் போட்டார். காலண்டரைக் கிழித்து அதன் முதுகில் படம் போட்டார். சோறு போட்டுக் கூப்பிட்டேன், கையைக் காட்டினார். முழங்கைவரை கிரீஸ். அண்ணா, நான் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். எங்கள் கல்யாணமான புதிதில்கூட அப்படி ஊட்டினதில்லை.

இன்னும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிற இந்த வீட்டில் நான் இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

தபீதாள்


பீளமேடு
21-3-1973

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும் ஏசுதாசன் வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

சந்தோஷமான சங்கதி. பல தடவை கேட்டதில் கம்பெனியில் ஒரு மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வண்டியில் நான் மட்டும் புறப்படுகிறேன். தபீதாள் பிள்ளையின் பரீட்சை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். கூட ஒரு மூட்டை வரும், கனமானது. சனிக்கிழமை காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு தள்ளுவண்டி சொல்லிவைத்தால் நல்லது.

கன்னியம்மாவிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லவேண்டாம். நேரில் போய்த் திட்டு வாங்கிக்கொள்கிறேன். அந்த மூன்று கிணற்றின் ஆழம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவையுங்கள். புதிதாகச் செய்வதற்கு ஒரு வழி தோன்றுகிறது. லீவு இருக்கும்வரை பார்க்கலாம்.

நாயுடு வீட்டம்மா இன்னும் இருக்கிறார்களா?

ஏசுதாசன்


இரும்புலியூர்
25-4-1973

அன்புள்ள தங்கச்சி தபீதாளுக்கு, சவுரிமுத்து சொல்ல ஞானஜோதி டீச்சர் எழுதுவது. மாதா தயவில் எல்லாரும் சுகம். ஈஸ்டர் வாழ்த்து. உன் மதினி போன டிசம்பரில் போட்ட உலக்கையை ஈஸ்டருக்கு எடுத்தாள்.

உன் புருஷன் வந்த அன்றைக்கே சிறுசேரி போகவேண்டும் என்றான். சாப்பிடு என்றால் கேட்கவில்லை. கன்னியம்மா அவனைக் கண்டதும் ஆரம்பித்தவள், அவன் மேலே ஏறிக் கிரீஸ் வைத்துவிட்டு இறங்குகிறவரை நிறுத்தவில்லை. அவன் மேலேயிருந்து, "இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டு, காத்துல சரியா கேக்கல" என்றான். அந்தப் பழைய குரல் அப்படியே இருக்கிறது. நான் கீழே நின்று கயிறு பிடித்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன்.

அவன் கொண்டுவந்த பல்சக்கரத்தை வைத்துப் புது மிஷின் ஒன்று பக்கத்துக் கிணற்றில் நாட்டியாகிவிட்டது. தகடு நாட்டு வேலைதான், மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அடித்தது. பார்வைக்கு நன்றாக இல்லை. ஓடுகிறது. இரண்டாவதுக்கு இரும்பு தேடிக்கொண்டிருக்கிறான். கோவளத்திலிருந்து ஒரு ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனான், தையூரிலிருந்து ஒருவன் வந்தான். உன் புருஷன் காலையில் போனால் விளக்கு வைக்கத்தான் வருகிறான். வந்து நாலு கவளம் சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "லீவ இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக் கேட்டு எழுதியிருக்கேன் மாமா" என்றான்.

"குடுப்பாங்க. நல்ல கம்பெனி" என்றேன்.

"அப்படித்தான் நினைக்கறேன்" என்றான்.

உன் மதினி குழம்பு எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் குழம்பு வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வெறுஞ்சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம்.

அவன் என்றைக்கு வாயைத் திறந்து சொல்கிறானோ அன்றைக்குக் கேட்டுக்கொள்வோம். சொல்லாமலே போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பின்பக்கத்து அறையை ஒழித்து வெள்ளை அடித்துவிட்டோம். பிள்ளைக்குப் பரீட்சை முடிந்தாயிற்று என்று எழுதியிருந்தாய். பாத்திரங்களைக் கட்டிப் பார்சலில் போட்டுவிட்டு, நீயும் சரோஜினியும் வாருங்கள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய டி.சி.யை மறக்காமல் வாங்கி வா. இங்கே ஆறாம் வகுப்பில் இடத்துக்கு டீச்சர் சொல்லிவைத்திருக்கிறார். அதைப் பெட்டியின் அடியில் துணிக்குக் கீழே வை. அவன் கேட்டால், பிள்ளைக்கு லீவு விட்டார்கள், அதற்குத்தான் வந்தோம் என்று சொல்.

சவுரிமுத்து